கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

நடுவர் என்பவர், இரண்டு தரப்பும் பிற்பாடு திட்டுவதற்காக இரண்டு தரப்பும் சேர்ந்து கூப்பிட்டு உட்கார வைக்கிற ஆள். தொழிலாளர் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். கோவில்பட்டியைச் சுற்றி நாலைந்து கிட்டங்கிகள், அதாவது சரக்குக் கிடங்குகள், வைத்திருந்த ஓர் அரசு நிறுவனம், பேர் வேண்டாம், தன் தொழிற்சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஊழியருக்குக் கொடுத்த தண்டனையில் தகராறு வந்தால், இருவருக்கும் சம்மதமென்றால், வருஷக் கணக்காகக் கோர்ட்டில் அலையாமல் ஒரு நடுவரிடம் விட்டுவிடலாம். நடுவர் சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார். அதில் பெரிய கோளாறு இருந்தால் மட்டும் மதுரைக்குப் போய் ஹைகோர்ட்டில் முறையிடலாம்.

அந்த நாற்காலியில் ஆறு வருஷம் இருந்தேன். ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் விசாரணை, கமிட்டி, சமரசம் என்று ஏதாவது ஒன்றில் போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வத்தல்

முதல் வழக்கு சண்முகவேல் என்ற எடை போடும் ஊழியருடையது. மேற்பார்வையாளரை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார் என்று வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். விசாரணைக்குக் கிட்டங்கியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். சண்முகவேல் என் முன்னால் உட்கார்ந்து பேசப் பேச அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஒரு மனிதன் இவ்வளவு வருந்தும்போது வேலையைப் பறிப்பது நியாயமில்லை என்று தோன்றியது. 'ஊழியர் கண்ணீர் மல்க வருத்தம் தெரிவித்தார்' என்று எழுதி, வேலைநீக்கத்தை ரத்து செய்து, ஊதிய உயர்வை மட்டும் ஒரு வருஷம் நிறுத்தினேன். எழுதி முடித்ததும் என் மனசை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நிர்வாகம் மதுரைக்குப் போனது. ஊழியர் வருத்தம் தெரிவித்ததாக விசாரணைக் காகிதம் எதிலும் ஒரு வரிகூட இல்லை, இல்லாததை வைத்து எழுதிய தீர்ப்பு செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. வேறு நடுவரிடம் வழக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒருநாள் கடைத்தெருவில் சண்முகவேல் என்னைப் பார்த்துவிட்டார். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை. "வருத்தம் தெரிவிச்சேன்னு எழுதி என் கேஸயே கெடுத்துட்டீங்களே மேடம். பக்கத்து செட்ல மொளகா வத்தல் மூட்டையப் பிரிச்சுப் போட்டிருந்தான், யாரு கண்ணுலதான் தண்ணி வராது?"

ஜீப்

அடுத்த வழக்கில் இனி கண்ணை நம்பக்கூடாது, இடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இடம் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிட்டங்கி. மெயின் ரோட்டில் இறங்கி வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மேலாளர் ஜீப் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஏறிக்கொண்டேன். வழியில் இளநீர் வாங்கித் தந்தார், குடித்தேன். தீர்ப்பு நிர்வாகத்தின் பக்கம் போனது. இளநீருக்கும் அதற்கும் சத்தியமாகச் சம்பந்தமில்லை. ஆனால் நடுவர் ஒரு தரப்பின் வண்டியில் ஏறிப்போய் இன்னொரு தரப்பு இல்லாமல் இடத்தைப் பார்த்தது தவறு என்று மதுரையில் அந்தத் தீர்ப்பும் விழுந்தது.

சங்கத்தின் சார்பில் என் முன்னால் எப்போதும் வருகிறவர் செல்லத்துரை. நல்ல மனுஷன். கோர்ட் உத்தரவின் நகலை என் கையில் கொடுக்கும்போது எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். "ஜீப்புல ஏறுனதுதான் தப்பு மேடம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா சங்கத்துல கார் பிடிச்சு அனுப்பிருப்போம்லா."

மூணே முக்கால் பஸ்

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதுவரை சொன்னது சும்மா.

கிட்டங்கி வழக்குகளுக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் புதூர், நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரிகள், விவசாயிகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூட்டை போட வந்தவர்கள், விதை வாங்க வந்தவர்கள். சாயங்காலம் மூணே முக்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் ஊர் போய்ச் சேரும்போது ஆடு பட்டியடைக்கிற நேரம் தாண்டிவிடும். மூன்று மணி ஆனதுமே எல்லார் கண்ணும் கடிகாரத்துக்குப் போய்விடும். சாட்சி சொல்லச் சொல்ல வார்த்தை வார்த்தையாக எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். விதி அதுதான். அப்படிச் செய்தால் ஒரு சாட்சிக்கே இரண்டு மணி நேரம் ஆகும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாட்சி சொல்வதை வாயால் கேட்டுக்கொண்டு சின்ன டைரியில் குறிப்பு மட்டும் எடுப்பேன். இரண்டு வெள்ளைத் தாளை நீட்டி, முதல் தாளிலும் இரண்டாம் தாளிலும் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவேன். மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு, டைரியைப் பார்த்து அந்தத் தாள்களில் அழகாக எழுதுவேன். விஷயம் அதிகமானால் கையெழுத்துக்கு மேலே எழுத்து நெருங்கும். குறைந்தால் இடம் மிஞ்சும். காலியாக விட்டால் யாராவது பிற்பாடு எதையாவது செருகிவிடலாம் என்பதால் அதை நிரப்பியாக வேண்டும். அதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. 'இது தவிர இச்சம்பவம் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது.' வாக்குமூலம் எழுதிய கைகள் எல்லாம் எழுதியதுதான். கடிதத்தின் கடைசியில் 'இப்படிக்கு' போடுகிற மாதிரி, யோசிக்காமல் போடுவது.

நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இது தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழைபாழைகளுக்கு நான் செய்கிற உபகாரம் என்றுதான் இதை நினைத்திருந்தேன். புதூரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், கையெழுத்துப் போட்ட கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இப்பிடி ஒரு ஆபீசர நான் பாத்ததே இல்ல தாயி. கையெழுத்தப் போட்டமா, பஸ்ஸப் பிடிச்சமான்னு இருக்கு."

விதை உளுந்து

ஞானமுத்து கிட்டங்கி வாசல் காவலர். நாகலாபுரத்துக்காரர். ஓய்வு பெற ஐந்து வருஷம்கூட இல்லாத சமயத்தில் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். ஐப்பசி விதைப்புக்குச் சம்சாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய விதை உளுந்து மூட்டைகளை லாரியில் ஏற்றுவதற்காக வெளி மேடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் வானம் திடீரென்று இருண்டு மழை கொட்டிவிட்டது. மழைக்காகக் காத்துக் கிடக்கிறவர்கள்தான் நாங்கள், ஆனால் அன்றைக்கு வந்த மழை விதை முழுவதையும் ஊறவைத்துவிட்டது. மழை வரும்போது காவலர் வாசலில் இல்லை, இருந்திருந்தால் ஆட்களைக் கூப்பிட்டு மூடியிருக்கலாம் என்பது குற்றச்சாட்டு. நான் தார்ப்பாய் எடுக்கத்தான் பின்பக்கம் ஓடினேன் என்பது ஞானமுத்துவின் பதில்.

இருவருக்கும் பொதுவான சாட்சி ஒருவர்தான். அன்று விதை வாங்க வந்திருந்த புதூர் சம்சாரி குருசாமி. அவர் என் முன்னால் நின்று தெளிவாகத்தான் சொன்னார். வாசலில் ஞானமுத்து இல்லை, பின்னால் இரண்டாம் செட்டிலிருந்து தார்ப்பாயைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு வந்தார், அவரும் நனைந்துவிட்டார், மூட்டையும் நனைந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மூன்றரை மணி. எதிரே ஞானமுத்து உட்கார்ந்திருந்தார், செல்லத்துரை இருந்தார், மேலாளர் இருந்தார். குருசாமியிடம் இரண்டு தாளிலும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எழுதவில்லை. திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். போய்விட்டு வர ஆறு நாள் ஆகிவிட்டது. டைரி ஏதோ ஒரு பையில் கிடந்தது. அதைத் தேடுவானேன், எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறதே என்று உட்கார்ந்து எழுதினேன். மழை வரும்போது காவலர் வாசலில் இல்லை என்பது ஞாபகம் இருந்தது. அதுதானே குற்றச்சாட்டு, அது எப்படி மறக்கும். தார்ப்பாய் மறந்துவிட்டது. இரண்டாம் தாளில் கையெழுத்துக்கு மேலே நாலைந்து வரிக்கு இடம் மிஞ்சியது. அதில் அந்த வாக்கியத்தைப் போட்டேன்.

பிறகு தீர்ப்பு எழுதும்போது நான் எழுதிய வாக்குமூலத்தை நானே ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். 'இது தவிர வேறெதுவும் தெரியாது என்று சாட்சியே கூறிவிட்ட நிலையில், தார்ப்பாய் எடுக்கச் சென்றதாக ஊழியர் கூறுவதை ஏற்பதற்கில்லை.' வேலைநீக்கம் சரி என்று முடித்தேன். கச்சிதமாக வந்திருக்கிறது என்று அந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. தீர்ப்பை வாசித்து முடித்ததும் ஞானமுத்து எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார். தோற்றுப்போன ஆத்திரத்தில் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. "குருசாமி அண்ணாச்சி சொன்னது உங்க காதுல விழலியா மேடம்?"

மதுரையிலிருந்து போன்

சங்கம் மதுரைக்குப் போனது. சாட்சி தார்ப்பாயைப் பற்றிச் சொன்னார், நடுவர் எழுதாமல் விட்டுவிட்டார் என்று வாதாடினார்கள். கோர்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடுவர் தீர்ப்பை அப்பீல் மாதிரி மறுபடி அலச முடியாது என்றது. வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்கிறது. அன்றே எழுத்து மூலம் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நடுவருக்கு யார் மீதும் பகை இருந்ததாகக் காட்டவில்லை. ஆகவே தலையிட இடமில்லை. கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது. அதன் முன்னால் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது.

இரண்டு தரம் விழுந்து அடிபட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேலாளர் போனில் சொன்னபோது அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் கேசரி கிண்டினேன். சங்கத்துக்காரர்கள் தோற்றதற்குச் சாக்குச் சொல்கிறார்கள் என்றே அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். மேலாளர் உத்தரவிலிருந்து ஒரு வரியை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். "'நடுவர் சாட்சியங்களை நிதானமாகப் பரிசீலித்திருக்கிறார்'னு ஜட்ஜே எழுதிருக்காரு மேடம்."

குருசாமி

அதற்கு ஒரு மாதம் கழித்துக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்து கும்பிட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. புதூர் குருசாமி என்று அவரே சொன்னார். இந்த வருஷம் மழை பரவாயில்லை, உளுந்து போட்டிருக்கிறேன், மகளுக்குப் பேறுகாலம், ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் ஒரு சந்தோஷத்தோடு, தான் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ஞானமுத்து இப்பம் எந்தக் கிட்டங்கியில இருக்காரு தாயி? நனைஞ்சுக்கிட்டே தார்ப்பாய இழுத்தாருன்னு நான் சொன்னேம்லா, அதுல தப்பிச்சிருப்பாரே?"

சால்வை

வீட்டுக்கு வந்து எல்லாப் பைகளையும் கொட்டினேன். டைரி கல்யாணத்துக்குக் கொண்டுபோன பையில்தான் இருந்தது. என் கையெழுத்தில் ஐந்தாறு சொற்கள். 'வாசலில் இல்லை. 2ஆம் செட். தார்ப்பாய். தனி ஆள். நனைந்தார்.' ஒரு மனிதனின் வேலையை அவர் செய்த குற்றத்துக்காக நான் எடுக்கவில்லை. தாளில் மிச்சமிருந்த இடத்தை நிரப்புவதற்காக எடுத்திருக்கிறேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. கோர்ட்டே முடித்துவிட்டதை நான் கிளறி என்ன ஆகப்போகிறது என்றேன். எனக்கும் வயசாகிவிட்டது என்றேன். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். டைரியை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஓய்வு பெற்ற அலுவலர்கள் கூடும் கூட்டத்தில் எனக்குச் சால்வை போடப்போவதாகச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். மேடையில் தலையைக் குனிந்தும் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் தீர்ப்பு எழுதியதைவிட அந்தக் குனிதல்தான் அதிகமாகச் சுடுகிறது. முன்னது ஞாபகமறதி. இதில் எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. சால்வையைப் போர்த்திவிட்டுத் தலைவர் மைக்கில் சொன்னார். "ஒரு எழுத்தக்கூட மாத்தாம கோர்ட்டு அப்படியே ஏத்துக்கிட்ட தீர்ப்ப எழுதினவிய நம்ம மேடம்."

நாகலாபுரம்

மறுநாள் காலையில் செல்லத்துரை வீட்டுக்குப் போய் டைரியை அவர் முன்னால் வைத்தேன். எடுத்துப் படித்தார். நடந்ததை நடந்தபடி சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் மறுபடி மனுப் போடலாம், அதில் உங்கள் பேர் கெடும், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். அப்படியென்றால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். கூட வரச் சொல்லிக் கேட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார்.

நாகலாபுரத்தில் நான் போனபோது ஞானமுத்து விறகுக்கு வேலிமுள் வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை போனபிறகு அதுவும், அடுத்தவர் ஆட்டை மேய்ப்பதும்தான் அவர் பாடு. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் கூட்டிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பஸ் நேரம், சம்சாரிகள் சிரமம், கல்யாணம், பையில் போன டைரி. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. கடைசியில் உங்கள் சாட்சி சொன்னதை நான் எழுதவில்லை, சொல்லாததை எழுதினேன், தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லி முடித்தேன்.

அவர் டைரியை வாங்கி அந்த ஐந்தாறு சொற்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். எஸ்தரிடம் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஞானமுத்து மெதுவாகத்தான் பேசினார். "மூணு வருஷமா நானும் இவளும் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தோம் மேடம். முன்னாடி எங்கயாச்சும் உங்கள எதுத்துப் பேசிருப்பனோ, எங்க சொந்தத்துல யாரும் உங்க மனசு நோவ நடந்துருப்பாவளோன்னு ஒவ்வொரு ஆளா நெனச்சுப் பாத்தோம். ஒண்ணுமே இல்லன்னு இப்பத்தான தெரியுது."

---

மனுப் போட்டார்கள். கோர்ட் தீர்ப்பை ரத்து செய்து அவரை வேலைக்கு எடுக்கச் சொன்னது. என்னைப் பற்றியும் நாலு வரி எழுதியது, நான் எழுதியதைப் போல அல்லாமல் அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஞானமுத்து மீண்டும் வாசலில் உட்கார்ந்தபோது ஓய்வு பெற அவருக்கு ஐந்து மாதம் மிச்சமிருந்தது.

நான் எழுதிய தீர்ப்புகளில் மதுரைவரை போனவை மூன்று. இரண்டு தாமாகவே விழுந்தன, நின்ற ஒன்றைத் தள்ளிவிட நானே பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது.